எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஆனால் அம்மாவின் காலில் இருக்கிறது

கொழும்பில் கடையில் வேலை செய்யும் ஒரு தம்பி, தலவாக்கலைப் பக்கத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் தன் அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் விறகுக்கு மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி) பொறுக்கக் கவ்வாத்து மலைக்கு, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்த மலைக்கு, போன இடத்தில் அம்மாவின் வலது உள்ளங்காலில் ஏதோ ஏறிவிட்டது. அவரே பிடுங்கிப் போட்டுவிட்டு மிலாற்றுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு கிழமையில் புண் மூடிவிட்டது. பிறகு அதே இடம் வீங்கி, உடைந்து, சீழ் வந்தது. இரண்டு முறை அன்டிபயோடிக் கொடுத்தார்கள். குளிசை குடிக்கும்வரை வற்றுகிறது, முடிந்து பத்து நாளில் மறுபடி வருகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு "உள்ளே ஒன்றும் இல்லை, சீனி வியாதியால்தான் ஆறவில்லை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உண்மையிலேயே ஒன்றும் இல்லையா என்பதுதான் தம்பியின் கேள்வி.

தம்பி, நான் இருபது வருடத்துக்கு மேல் தோட்ட ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுத்தவன். நுவரெலியா மாவட்டத்திலும் பதுளைப் பக்கமும் நான் பார்த்த கால்களுக்குக் கணக்கில்லை. அம்மாவின் காலை நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உள்ளே ஒரு துண்டு தங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் அடுத்த வேலையைச் செய்ய வேண்டும். குத்திய இடத்திலேயே மூடி மூடித் திறக்கும் புண்ணும், மருந்து நிறுத்தியதும் திரும்பி வரும் சீழும் சேர்ந்தால், இல்லை என்று நிரூபிக்கும்வரை உள்ளே ஏதோ இருக்கிறது என்றே கொள்வது வைத்தியத்தில் பழைய விதி. அந்த எக்ஸ்ரே அப்படி எதையும் நிரூபிக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். எக்ஸ்ரே என்பது நிழற்படம் மாதிரி. கதிரைத் தடுக்கிற பொருள்தான் படத்தில் வெள்ளையாக விழும். எலும்பு விழும், இரும்பு விழும், கல் விழும். மரச் சிராய், முள், மூங்கில் செதில், செருப்பின் ரப்பர், பெரும்பாலான பிளாஸ்டிக் எல்லாம் சதையைப் போலவே கதிரை விட்டுவிடும். அதிலும் ஈரம் ஊறிய குச்சிக்கும் பக்கத்துச் சதைக்கும் படத்தில் வித்தியாசமே தெரியாது. அம்மாவின் காலில் ஏறியது பெரும்பாலும் தேயிலை மிலாறாகத்தான் இருக்கும். ஆகவே அந்தப் படம் சுத்தமாக வந்ததில் ஆச்சரியம் இல்லை. தகர ஆணியோ முள்ளுக்கம்பித் துண்டோ இல்லை என்று மட்டும்தான் அது நமக்குச் சொன்னது. அதுவும் தெரிய வேண்டிய விஷயம்தான், எக்ஸ்ரே எடுத்தது வீண் போகவில்லை.

உலோகத்தைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரேயை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஜேர்மன் விஞ்ஞானி றொன்ட்ஜன் அந்தக் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். 1896 ஜனவரியிலேயே இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஹால் எட்வர்ட்ஸ் என்ற டொக்டர், வேறொருவரின் கைக்குள் இருந்த ஊசியைப் படம் பிடித்துக் காட்டிவிட்டார். உடம்புக்குள் ஒளிந்த பொருளைத் தேடுவதுதான் அந்தக் கதிரின் முதல் வேலைகளில் ஒன்று.

கண்ணாடியைப் பற்றி நம் ஆட்களிடமும், ஏன், சில வைத்தியசாலை ஊழியரிடமும்கூட ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கண்ணாடி படத்தில் தெரியாது என்பார்கள். தெரியும். 2 மில்லிமீற்றர் அளவுள்ள போத்தல் சில்லுகூட ஒழுங்காக எடுத்த படத்தில் பெரும்பாலும் விழுந்துவிடும். ஆகவே போத்தல் குத்தினால் எக்ஸ்ரே கட்டாயம் கேட்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கத்திலிருந்து. ஒரு பக்கப் படத்தில் எலும்பின் மேல் விழுந்து மறைந்த சில்லு மறு பக்கப் படத்தில் மாட்டும். குத்திய வாசலில் ஒரு சின்னக் கம்பித் துண்டை ஒட்டி எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. படம் பார்ப்பவருக்கு எந்த இடத்தில் தேடுவது என்று தெரியும்.

சரி, அம்மாவிடம் வருவோம். காலைத் தொடுவதற்கு முன் கதையைக் கேட்க வேண்டும், முழுக் கதையும் கேட்க வேண்டும். என் அனுபவத்தில் பாதி நோயாளிகளுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். வெளிநோயாளர் பிரிவில் வரிசை நீளம், டொக்டருக்கு ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். அதனால் யாரும் கேட்காமல் போயிருப்பார்கள். இன்று இரவு போனில் நீங்கள் கேளுங்கள்.

என்ன குத்தியது என்பது முதல் கேள்வி. கவ்வாத்துக் கத்தியில் ஒரே வெட்டாக வெட்டிய மிலாற்றின் நுனி சரிவாக, ஈட்டி மாதிரி இருக்கும். அது காய்ந்த பிறகு இன்னும் கூர். அப்படி ஏறிய குச்சியைப் பிடித்து இழுக்கும்போது கட்டை வெளியே வந்துவிடும், ஆனால் அதன் பட்டை உறை கழன்ற மாதிரி உள்ளேயே தங்கிவிடும். பிடுங்கியவர் கையில் குச்சியைப் பார்த்துத் "முழுசா வந்துருச்சு" என்று நினைப்பார். அதனால் "வந்ததா?" என்று கேட்காதீர்கள். "வந்த குச்சியில் பட்டை இருந்ததா, வெள்ளையாக உரிந்திருந்ததா, நுனி கூராக இருந்ததா, முறிந்த மாதிரி இருந்ததா?" என்று கேளுங்கள். வேலியோரத்து முள்முருக்கு, எலுமிச்சை, ரோஜா முள் என்றால் நுனி ஒடிந்ததா என்று கேட்க வேண்டும். முள்ளின் அடிப்பகுதிதான் கையோடு வரும், நுனி தங்கும்.

அடுத்தது, காலில் என்ன போட்டிருந்தார்? வெறுங்கால் என்றால் ஒரு கதை, ரப்பர் சிலிப்பர் என்றால் வேறு கதை. சிலிப்பரைத் துளைத்துக்கொண்டு ஏறிய ஆணியோ குச்சியோ, போகும் வழியில் ரப்பரில் ஒரு பொட்டை வெட்டி உள்ளே கொண்டுபோய் வைத்துவிடும். அந்தச் சிலிப்பர் இன்னும் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) கிடந்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் கீறல் போல ஓட்டை இருந்தால் பரவாயில்லை. பொத்தான் துளை மாதிரி வட்டமாகத் துண்டு குறைந்திருந்தால், அந்தத் துண்டு எங்கே? கிளினிக்குக்குப் போகும்போது அந்தச் சிலிப்பரையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ரப்பர் அடிப்பாகத்தின் ஊடாகக் குத்திய காயங்களில் சூடோமோனாஸ் என்ற கிருமி எலும்புவரை போய்விடுவது உண்டு. வழக்கமாகக் கொடுக்கும் அன்டிபயோடிக் பலவற்றுக்கு அது மசியாது. "இரண்டு முறை மருந்து குடித்தும் சரியாகவில்லை" என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே சிலிப்பர் போட்டிருந்தாரா என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

மூன்றாவது, புண்ணின் நாட்கணக்கு. எப்போது குத்தியது, எப்போது மூடியது, எப்போது முதலில் சீழ் வந்தது, மருந்து முடிந்து எத்தனையாம் நாள் திரும்ப வந்தது. உள்ளே பொருள் இருக்கும் புண் ஒரு ஒழுங்கோடு நடந்துகொள்ளும். மருந்து சுற்றியிருக்கிற கிருமியை அடக்கும், குச்சிக்குள் ஊறியிருக்கிற கிருமியை அதனால் தொட முடியாது. மருந்து நின்றதும் குச்சியிலிருந்து திரும்பக் கிளம்பும். நீங்கள் எழுதியதிலேயே அந்த ஒழுங்கு தெரிகிறது.

இனிக் காலைப் பார்ப்பது. முதலில் கழுவ வேண்டும். இதைச் சாதாரணமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மலையில் நடந்த காலில் பித்தவெடிப்புக் கோடுகளுக்குள் மண் கறுப்பாக ஏறியிருக்கும், குத்திய வாசல் அந்தக் கோடுகளில் ஒன்றாகவே தெரியும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால்தான் எந்தக் கோடு கோடு, எந்தக் கோடு வாசல் என்று பிரிந்து தெரியும். வாசலைச் சுற்றித் தோல் தடித்திருக்கும், நடுவில் சிவப்பாகச் சின்னச் சதை மொட்டு துருத்திக்கொண்டிருந்தால் அது முக்கியமான அடையாளம்.

பிறகு அழுத்திப் பார்ப்பது. பெருவிரலால் அழுத்தினால் பெரிய இடம் அமுங்கிவிடும், ஒன்றும் புரியாது. ஒரு தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால், தோலைக் குத்தாமல், ஒவ்வொரு புள்ளியாக மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். உள்ளே பொருள் இருந்தால் ஒரு புள்ளியில் மட்டும் ஆள் காலை இழுத்துக்கொள்வார். அந்தப் புள்ளி வாசலுக்கு நேர் கீழே இருக்க வேண்டும் என்றில்லை. சரிவாக ஏறிய குச்சி என்றால் இரண்டு சென்டிமீற்றர் தள்ளிக்கூட இருக்கும். அந்த இடத்தில் பேனையால் ஒரு புள்ளி வையுங்கள்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்தில் புல்லுவெட்டும் ஒருவர் உள்ளங்காலில் தடிப்பு என்று வந்தார். நடந்தால் வலி, சீழ் இல்லை. நான் காலாணி என்று முடிவு கட்டிக் காலாணிப் பிளாஸ்டர் கொடுத்து அனுப்பினேன். நாலு மாதத்தில் மூன்று முறை வந்தார், மூன்று முறையும் அதே பிளாஸ்டர். நாலாவது முறை ஒரு தாதி மேல் தடிப்பைச் சீவியபோது நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது, அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மாதிரி வந்தது. ஸ்கேனுக்கு அனுப்பினோம், ஒபரேஷனில் எடுத்தார்கள். எடுத்ததை ஒரு மருந்துப் போத்தலில் போட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஒன்றரைச் சென்டிமீற்றர் நீளம், கறுப்பு நிறம், ஊறிப்போன தேயிலைத் தூள் மாதிரி நசிந்தது. தேயிலைக் குச்சியின் பட்டை. நாலு மாதம் அந்த மனிதர் அதன்மேல் மலை ஏறியிறங்கியிருக்கிறார், அதற்குக் காரணம் நான்தான்.

அதற்குப் பிறகு எந்தத் தடிப்பையும் சீவிப் பார்க்காமல் பெயர் வைத்ததில்லை. காலாணி என்றால் எலும்பு துருத்தும் இடத்தில் வரும், நேராக அழுத்தினால் வலிக்கும், கைரேகை மாதிரிக் காலிலிருக்கும் கோடுகள் அதன்மேலும் ஓடும். பாலுண்ணி என்றால் அந்தக் கோடுகள் அதைச் சுற்றி விலகிப் போகும், இரண்டு பக்கமும் கிள்ளினால்தான் அதிகம் வலிக்கும், சீவினால் ஊசிமுனை மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் பல தெரியும். அவை உறைந்துபோன சிறு இரத்தக்குழாய்கள். ஒரே ஒரு வாசலும், ஒரே ஒரு வலிப்புள்ளியும், "ஒரு நாள் குத்தினது ஞாபகம்" என்ற பேச்சும் சேர்ந்தால் அது வேறு.

அம்மாவுக்குச் சீனி வியாதி என்பதால் மேலே சொன்ன வலிச் சோதனையை அப்படியே நம்பவும் முடியாது. பல வருடச் சீனியில் கால் நரம்புகள் மரத்துப்போயிருக்கும். கிளினிக்கில் ஒரு நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்பார்கள், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. அது தெரியாத கால் என்றால் ஆணி ஏறியதுகூடத் தெரியாது. செருப்பில் ஆணி குத்தியபடியே நாள் முழுக்க நடந்து, லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்து காலில் இரத்தத்தைக் கண்ட ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட காலில் "வலிக்கவில்லையே, அப்ப ஒன்றும் இருக்காது" என்று சொல்வது ஆபத்து. வீக்கம், சூடு, நாற்றம், சொக்ஸிலோ பாயிலோ ஈரம், காரணமில்லாமல் ஏறும் சீனி, இவைதான் அங்கே பேசும்.

"சீனியால்தான் ஆறவில்லை" என்று சொன்னதில் எனக்கு மனவருத்தம் உண்டு. சீனி புண்ணை ஆறவிடாது, உண்மைதான். ஆனால் குச்சி உள்ளே இருந்தால் சீனி இல்லாத ஆளுக்கும் ஆறாது. சீனி இருக்கிறது என்று தெரிந்தால் இன்னும் கூடுதலாகத் தேட வேண்டும். நம்மூரில் அது தேடலை நிறுத்துவதற்கான காரணமாகிவிடுகிறது.

அம்மாவுக்கு இப்போது வேண்டியது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே வகைதான், ஆனால் வயிற்றுக்கு வைக்கும் வளைந்த தலை இல்லை. தோலுக்குக் கிட்டத்தில் உள்ளதைத் துல்லியமாகக் காட்டும் நேர்த் தலை ஒன்று இருக்கிறது, அதால் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே காட்டாத மரத்தை இது நன்றாகக் காட்டும். குச்சி ஒரு வெள்ளைக் கோடாகவும், அதன் பின்னால் கறுப்பு நிழலாகவும் விழும். குத்தி ஒரு நாளுக்கு மேல் போய்விட்டால் குச்சியைச் சுற்றி ஒரு கறுப்பு வளையமும் வந்துவிடும், உடம்பு அதைச் சுற்றிப் போர் செய்கிற இடம் அது. இரண்டு மாதப் புண்ணில் அந்த வளையம் நன்றாகவே தெரிய வேண்டும். உள்ளங்கால் மேடு பள்ளமாக இருப்பதால் கருவி சரியாக ஒட்டாது என்றால், காலை ஒரு பேசின் தண்ணீரில் வைத்து, தோலைத் தொடாமல் தண்ணீருக்குள்ளேயே கருவியைப் பிடித்துப் பார்க்கும் முறையும் உண்டு. புண் இருக்கும் காலுக்கு அது வலியில்லாத வழி.

இதில் ஒரு நிபந்தனை. ஸ்கேனுக்கு முன் யாரும் அந்தப் புண்ணைத் தோண்டக்கூடாது. தோண்டினால் காற்று உள்ளே போகும். காற்றும் திரையில் வெள்ளையாகவே விழும், குச்சியையும் காற்றையும் பிரிக்க முடியாமல் போகும். ஸ்கேன் எடுப்பவரிடம் நீங்கள் பேனையால் வைத்த புள்ளியைக் காட்டி, எத்தனை மில்லிமீற்றர் ஆழம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறிக்கையில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். ஒபரேஷன் அன்று காலையிலேயே ஸ்கேன் பார்த்துத் தோலில் அடையாளம் வைத்தால் இன்னும் நல்லது. ஸ்கேனிலும் தெரியாமல் சந்தேகம் மட்டும் நின்றால் சி.டி., எம்.ஆர்.ஐ. என்று போவார்கள். இரும்புத் துண்டு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ.க்கு முன் எக்ஸ்ரே கட்டாயம், காந்தம் அதை அசைத்துவிடும்.

எக்ஸ்ரேயையும் இன்னொரு முறை எடுக்கச் சொல்வார்கள், எடுக்கட்டும். இம்முறை குச்சிக்காக இல்லை, எலும்புக்காக. கிருமி எலும்புக்குப் போனால் அதன் அடையாளம் படத்தில் தெரிய 10 முதல் 14 நாள் பிடிக்கும். முதல் படம் குத்திய ஆரம்பத்தில் எடுத்தது என்றால், அன்று தெரியாதது இன்று தெரியலாம். பெருவிரலின் அடியில் பட்டாணி மாதிரி இரண்டு சின்ன எலும்புகள் எல்லோருக்கும் உண்டு, படத்தைக் கையில் வைத்துப் பார்த்து அதைக் கல் என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள்.

லயத்தில் நடக்கக்கூடியதை நினைத்தால்தான் எனக்குப் பயம். பக்கத்துக் காம்பராவிலிருந்து யாராவது வருவார்கள். வெற்றிலைத் தட்டுச் சுண்ணாம்பையும் வெல்லத்தையும் குழைத்துப் பத்துப் போடுவார்கள், செங்கல்லைச் சுடவைத்து ஒத்தடம் கொடுப்பார்கள், ஊக்கை நெருப்பில் காட்டித் தோண்டுவார்கள். அன்பில் செய்வதுதான், குறை சொல்லவில்லை. தோலுக்கடியில் வால் தெரிகிற முள்ளை வீட்டில் எடுப்பதிலும் தவறில்லை, நல்ல காலுக்கு. மரத்துப்போன காலுக்குச் சுண்ணாம்பு வெந்து புண்ணாகும், சூட்டு ஒத்தடம் கொப்பளமாகும், அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. ஊறிய குச்சியைத் தோண்டினால் அது நாலு துண்டாக உடையும். ஒரு துண்டைத் தேடுவதற்குப் பதில் நாலைத் தேட வேண்டிவரும். மரச் சிராய் ஏறிய காலை நீண்ட நேரம் தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது, சிராய் உப்பிவிடும். கழுவித் துடைப்பது வேறு, ஊறவைப்பது வேறு.

ஒபரேஷன் என்றதும் அம்மா பயப்படுவார். பெரும்பாலும் மயக்கம் கொடுக்காமலே, கணுக்காலின் உட்பக்கத்தில் ஓடும் நரம்பருகே ஊசி போட்டு உள்ளங்காலை மரக்கச் செய்து எடுக்கலாம். உள்ளங்காலிலேயே ஊசி போடுவதைவிட அது வலி குறைவு. இரத்தம் வந்து மறைக்காமல் இருக்க மேலே பட்டி கட்டுவார்கள். எடுத்த பிறகு புண்ணை முழுதாகத் தைக்காமல் திறந்து விடுவதும் உண்டு, அதைக் கண்டு கலவரப்பட வேண்டாம், அழுக்கு வெளியேறுவதற்காகத்தான். ஏற்பு ஊசி (டெட்டனஸ் ஊசி) கடைசியாகப் போட்டது எப்போது என்று கேட்பார்கள். இப்படி அழுக்கான காயத்துக்கு 5 வருடத்துக்கு மேலாகியிருந்தால் மறுபடி போட வேண்டும். ஊசி போட்ட அட்டையையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த துண்டையும், சுற்றியிருந்த சதையில் கொஞ்சத்தையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. இதற்கும் காரணம் உண்டு. மண்ணிலும் செடியிலும் வாழும் பூஞ்சைகள் முள்ளோடு சேர்ந்து ஏறும். அப்படி ஒன்று ஏறினால், குத்திய இடத்திலிருந்து கெண்டைக்கால் நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னக் கட்டிகள் படியேறும். இன்னொரு வகை, கால் மெல்ல மெல்லத் தடித்து, பல வாசல் திறந்து, சீழோடு கடுகு மாதிரி மணிகள் வரும். அதற்கு வைத்திய நூல்களில் "மதுரா கால்" என்றே பெயர், 1842இல் மதுரையில் இருந்த டொக்டர் கில் விவரித்ததால் வந்த பெயர். வெறுங்காலில் முள் குத்தி வருவதுதான் அதுவும். அம்மாவுக்கு இருக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் கட்டி படியேறினாலோ மணி வந்தாலோ டொக்டரிடம் சொல்ல வேண்டும். பரிசோதனைச் சதை முழுவதையும் ஃபோர்மலின் போத்தலில் போட்டுவிட்டால் கிருமியும் பூஞ்சையும் செத்துவிடும், பிறகு வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு துண்டு ஃபோர்மலினில், ஒரு துண்டு சேலைனில் போக வேண்டும்.

இனி எங்கே போவது. தோட்ட டிஸ்பென்சரியில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, ஸ்கேனும் சத்திரசிகிச்சைக் கிளினிக்கும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். டிக்கோயா, நுவரெலியா, தேவைப்பட்டால் கண்டி. பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் மூன்றாவது முறை அன்டிபயோடிக் வாங்கி வருவதில் பிரயோசனம் இல்லை. ஒரு நாள் பேர், அதாவது நாள் கூலி, போகும், பஸ் காசு போகும், 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர் என்று இருக்கிற இடத்தில் அம்மா "அடுத்த கிழமை பார்ப்பம்" என்பார். நான் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தை அது. முடிந்தால் நீங்களே ஒரு நாள் லீவு போட்டுக் கூடப் போங்கள்.

கூடப் போவதற்கு இன்னொரு காரணம் மொழி. டொக்டர் சிங்களத்தில் கேட்பார், அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "ககுல ரிதெனவா" என்று மட்டும் சொல்வார். கால் வலிக்கிறது என்ற அந்த ஒரு வரியில் மிலாறும் போய்விடும், இரண்டு மாதமும் போய்விடும். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், சிங்களம் தெரிந்த நண்பரை வைத்துச் சிங்களத்திலும் எழுதுங்கள்: "தேயிலைக் குச்சி குத்தி 8 கிழமை. பிடுங்கியது முழுதாக வந்ததா தெரியாது. இரண்டு முறை அன்டிபயோடிக், நிறுத்தியதும் சீழ் திரும்புகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. சீனி வியாதி உண்டு. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துப் பார்க்க முடியுமா?" இந்த ஆறு வரியைப் படிக்கும் டொக்டர் யாராக இருந்தாலும் ஸ்கேனுக்கு எழுதுவார் என்றே நான் நம்புகிறேன். பழைய எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, குடித்த குளிசைகளின் அட்டை எல்லாம் ஒரே பையில்.

கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாத நிலைமையும் உண்டு. காய்ச்சல், நடுக்கம், சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறுவது, விரல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது, அழுகிய நாற்றம், சீனி கட்டுக்கடங்காமல் ஏறுவது. இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், அவசரப் பிரிவுக்கு. அதுவரை அந்தக் காலை அதிகம் ஊன்றாமல், சுத்தமான துணியால் கட்டி, மலைக்குப் போகாமல் இருக்கச் சொல்லுங்கள். குத்தியது தையல் ஊசியாக இருந்திருந்தால் நடக்கவே வேண்டாம் என்றிருப்பேன், ஒவ்வொரு அடியிலும் தசை அதை நகர்த்தும். குச்சி அவ்வளவு நகராது, ஆனால் ஒவ்வொரு அடியிலும் நொறுங்கும்.

அம்மாவிடம் பேசும்போது பட்டையைப் பற்றிக் கேட்க மறந்துவிடாதீர்கள். அந்தக் குச்சி வெள்ளையாக உரிந்து வந்ததாக அம்மா சொன்னால், தாளில் முதல் வரியாக அதை எழுதுங்கள்.